பழைய புட்டியின் மிச்சம்

2003 மார்ச் 11 — 412.00
2005 ஆகஸ்ட் 29 — 438.50
2008 ஜனவரி 17 — 465.00
2011 நவம்பர் 4 — 502.75

நான்கும் கட்டைவிரல் உயரப் புட்டிகளின் விலை, டாலரில். உள்ளே ஆன்டிபாடி: ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு, அது இருப்பதைப் படச்சுருளில் கறுப்புக் கோடாகக் காட்டும் திரவம். மூளை ஆய்வுக்கூடத்தின் கிடங்கில் அவற்றை வரவு வைத்தவன் நான். வாங்கிப் போன தற்காலிக உதவியாளரை எல்லோரும் ஐஸக்கா என்றே கூப்பிடுவார்கள். எலிக்குஞ்சின் மூளைத் துண்டு கெடாமலிருக்க ஐஸ் வேண்டும். கையில் வாளியில்லாமல் அவளைக் கண்டவர் இல்லை.

ஆய்வுக்கூடத்தை நடத்திய பேராசிரியரின் ஆராய்ச்சி இதுதான். பிறந்த குஞ்சின் மூளைச் செல்களில், செய்தி கொண்டுவரும் வேதிப்பொருளை வாங்கிக்கொள்ள ஒருவகை ஏற்பிகள் இருக்கும். வளர வளர அவை விலகி, முதிர்ந்த வகை வந்து அமரும். அந்தப் புது ஏற்பியைச் செல்லின் விளிம்புக்கு அழைத்து வந்து நழுவாமல் பிடித்து வைப்பது ஒரு புரதம், அது பத்தாம் நாளில் பெருகுகிறது என்று அவர் எழுதினார். இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்றிலும் ஐஸக்காவின் பெயர் இல்லை. மூன்றாவது வந்ததும் அவள் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்.

"பத்தே நாள்ல எலிமூளைக்கு நிரந்தர ஆளு வந்து உக்காந்துடுது. எனக்கு ஒன்பது வருஷமாகியும் ஒரு நாற்காலி கிடைக்கல பாருங்க ஐயா" என்பாள் என்னிடம்.

"நீ எலியாப் பொறந்திருக்கணும்டி" என்பாராம் லாரி ஓட்டும் அவள் கணவர்.

ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்பது பேராசிரியரின் கட்டளை. அதனால் புதுப் புட்டி வந்ததும் பழையதில் மிஞ்சியதை அதில் ஊற்றிவிடுவாள். மேலே ஒட்டிய பெயர் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு புட்டியும் வேறு வேறு முயலின் இரத்தத்திலிருந்து எடுத்தது; முயலுக்கு முயல் அது எதில் ஒட்டும் என்பது மாறலாம். அதை யாரும் யோசிக்கவில்லை. புட்டிக்குப் புட்டி கோடு சற்று வெளிறியது. கோடு கறுக்கட்டும் என்று அவள் படச்சுருளை இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக இருட்டில் வைத்தாள்.

2012 மே மாதம் உறைபெட்டி பழுதாகி, மிச்சம் கெட்டுப்போனது. ஐந்தாவது புட்டி வந்தது. அதற்குக் கையெழுத்து வாங்க நான் போயிருந்தபோது, பேராசிரியர் படச்சுருளை விளக்குக்கு நேரே பிடித்திருந்தார்.

"கோடு எங்கம்மா? எலி தின்னுடுச்சா?"

"எப்பவும் போலத்தான் சார் செஞ்சேன். பழசுல மிச்சமில்ல, அதான் இந்தத் தடவ ஊத்தல."

"எத ஊத்தல?"

"மிஞ்சுனத புதுசுல ஊத்துறது சார். நீங்கதானே சொட்டு வீணாகக் கூடாதுன்னீங்க."

பேராசிரியர் உட்கார்ந்தார். அந்த அறையில் இருந்தது ஒரே நாற்காலி.

முதல் புட்டி மட்டும் வேறொரு புரதத்திலும் ஒட்டியிருக்கிறது; அதன் மிச்சம்தான் புட்டிக்குப் புட்டி கலந்து கோடு காட்டி வந்தது. பத்தாம் நாளில் பெருகியது அந்த வேறொன்றுதான்; அவர் தேடிய புரதம் அப்போது கோடு விழும் அளவுக்கு இல்லை. ஐந்து மாதம் சோதித்து இதை உறுதி செய்தார்கள். இரண்டு கட்டுரைகளும் திரும்பப் பெறப்பட்டன. "தற்காலிக உதவியாளர் ஒருவரின் கவனக்குறைவால்" என்று அறிவிப்பில் இருந்தது. அச்சில் அவளைப் பற்றி வந்த முதல் வரி அது.

மறுமாதம் அவளை வரவேண்டாம் என்றார்கள்.

"சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும்பாங்க. என் சட்டியில இருந்ததெல்லாம் அவரு போட்டதுதானே ஐயா?" என்று கேட்டாள். நிர்வாகத்துக்கு மேல்முறையீடு எழுதினாள். சிக்கனம் யார் சொன்னது என்பதைத் தேதியோடு எழுதினாள். பதில் வரும்வரை மருந்துக்கடை ஒன்றில் மாத்திரை அட்டைகளை அடுக்கும் வேலைக்குப் போனாள். அங்கும் தற்காலிகம்தான். இதற்கிடையே பேராசிரியருக்கு வேறொரு புரதத்தை ஆராயப் புது நிதி கிடைத்தது.

கடைசியில் பதில் வந்தது. தாங்கள் தற்காலிகப் பணியாளர் என்பதால் பணிநீக்கம் என்ற ஒன்று நிகழவேயில்லை, ஆகவே மேல்முறையீட்டுக்கு இடமில்லை என்று நான்கு வரி. அவள் கணவர் அதை இரண்டு தடவை படித்தார்.

அந்தக் கடிதம் வந்த நாள்: 2013 ஆகஸ்ட் 19.