இரட்டைப்படை வசனங்கள் எதிரிக்கு

என்னை வேலையைவிட்டுத் தூக்கப் பார்த்தவன் ஞாயிறுதோறும் எங்கள் சபையில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து உருக்கமாகப் பாடுவான். மலேசியாவின் பத்து பகாட் நகரில் இருவருக்கும் ஒரே துணித் தொழிற்சாலை. அவன் சூப்பர்வைசர், நான் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவன். என்னைவிடப் பத்து வயது சின்னவன் என்பதால் "அண்ணே" என்றுதான் கூப்பிடுவான். அந்த "அண்ணே"யில் இருக்கும் விஷம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு வியாழக்கிழமை என் வண்டி சறுக்கி, அடுக்கிவைத்த துணி உருளைகளை இடித்துச் சாய்த்தது. தரையில் எண்ணெய் கசிந்திருந்தது உண்மை. என் கையில் போன் இருந்ததும் உண்மை. முதல் உண்மையை நான் சொன்னேன், இரண்டாவதை அவன் எழுதிக் கொடுத்தான். திங்கட்கிழமை விசாரணை என்று கடிதம் வந்தது. ஐம்பத்து மூன்று வயதில் வேலை போனால் வேறு யார் என்னைச் சேர்ப்பார்கள்?

பயம் வந்தால் சிலருக்கு வயிறு கலங்கும். எனக்குப் பக்தி வரும். சங்கீதத்தில் எதிரிகளைத் திட்டும் இடங்களையெல்லாம் தேடித் தேடி வாசித்தேன், கழிவறையில்கூட. தாவீது ராஜாவே இத்தனை வன்மம் வைத்திருந்தாரே என்று மனசுக்கு இதமாக இருந்தது.

"போன பாக்காம ஓட்டியிருந்தா தாவீதுக்கு இந்தத் தொல்லையே இல்ல," என்றாள் மனைவி.

அந்த ஞாயிறு சங்கீதம் வாசிக்கும் முறை என்னுடையது. எங்கள் சபையில் ஒரு வசனத்தை வாசிப்பவரும் அடுத்ததைச் சபையாருமாக மாறி மாறிப் படிப்போம். குறித்திருந்ததை விட்டுவிட்டு முப்பத்தைந்தாம் சங்கீதத்தை அறிவித்தேன். போதகர் நிமிர்ந்து பார்த்தார். என்னோடு சண்டைக்கு வருபவனோடு நீர் சண்டை போடும் என்று கேட்கும் முதல் வசனத்தை அவனைப் பார்த்தே வாசித்தேன்.

வீட்டில் முழுவதையும் நானே படித்தவன், பாதி அவனுக்குப் போகும் என்பதை யோசிக்கவில்லை. நல்ல நல்ல சாபமெல்லாம் இரட்டைப்படையில் இருந்தது. எதிரி வெட்கப்பட வேண்டும், நான்கு. அவன் பாதை இருண்டு கால் வழுக்க வேண்டும், ஆறு. தான் விரித்த வலையில் தானே விழ வேண்டும், எட்டு. மூன்றையும் அவன் எல்லாரையும்விட உரக்க, என் கண்ணைப் பார்த்துப் படித்தான். வழுக்குமிடத்தில் சிரிக்க வேறு செய்தான். தடுமாறிப்போய், அடுத்து நான் அவனுடைய வசனத்தையும் சேர்த்து வாசித்துவிட்டேன்.

ஆராதனை முடிந்து தேநீர் மேசையில் பக்கத்தில் வந்து நின்றான்.

"நல்லா வாசிச்சீங்கண்ணே."

"நீயும்தான் தம்பி. தொண்ட வலிக்கல?"

"கேமரா படத்த ஆபீஸ்ல குடுத்துட்டேன் லா."

"அதுல எண்ணெ தெரியுதா?"

"உங்க மூஞ்சிதான் தெரியுது. போன் வெளிச்சத்துல அப்படியே பிரகாசமா."

திங்கட்கிழமைக்கு மூன்று பொய்கள் தயாராக வைத்திருந்தேன். விசாரித்த மலாய்க்கார அதிகாரி படத்தை ஓடவிட்டு, போன் பார்த்தீர்களா என்று மெதுவாகத்தான் கேட்டார். பதற்றத்தில் "பார்த்தேன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "முந்தின வாரமும் பார்த்தேன்" என்று யாரும் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். எதிரியே வாயைப் பிளந்து என்னைப் பார்த்தான்.

வேலை போகவில்லை. வண்டிதான் போனது. இப்போது அவன் அதட்டலுக்குக் கீழே துணி உருளைகளைக் கையால் தள்ளுகிறேன். எதிரியிடமிருந்து என்னைக் காப்பாற்றும் என்று கேட்டேன். கர்த்தர் என்னிடமிருந்து தொழிற்சாலையைக் காப்பாற்றிவிட்டார். அவனுக்காக இன்னும் தினமும் ஜெபிக்கிறேன். நல்லதாக எதுவும் கேட்பதில்லை.