கார் சீட்டும் கைநடுக்கமும்

காருக்குள் போடும் சாமான் விற்கிறவனுக்கு எப்போதும் இரண்டு பயம்: கொடுத்தது வேலை செய்யாமல் போய்விடுமோ என்பது ஒன்று, வேலை செய்துவிடுமோ என்பது இன்னொன்று.

திருவொற்றியூரில், விம்கோ நகர் போகிற வழியில் என் கடை. எதிரே ரோட்டைத் தாண்டினால் கடல். முன்னால் சீட் கவர், மேட், பாலிஷ், ஷாம்பு விற்பனை. பின்னால் ஒரு ஷெட். அதில் காரின் உள்பக்கத்தைச் சுத்தம் செய்து கொடுக்கிறோம். எந்த வண்டிக்கு எந்தச் சரக்கு என்று முடிவு செய்கிறவன் நான். அதை எடுத்துத் தேய்க்கிறவர் காதர் பாய். வண்ணாரப்பேட்டைக்காரர், சீட் வேலையில் என்னைவிடப் பல வருஷம் மூத்தவர்.

எனக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். இந்தக் கடைக்கு முன்னால் மச்சானுடைய மளிகைக் கடையில் இருந்தேன். அங்கே தப்பான சாமானைக் கொடுத்தால் யார் வீட்டுக் குழம்போ கெடும், அவ்வளவுதான். இங்கே என்ன கெடும் என்று முதல் வருஷமே தெரிந்துபோனது. அன்றிலிருந்து எந்த மூடியைத் திறந்தாலும் கை லேசாக நடுங்குகிறது. அலமாரி முன்னால் நின்று, சீட்டுக்கு எது, டேஷ்போர்டுக்கு எது என்று ஒவ்வொரு பாட்டிலாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து முழிக்கிற கார்க்காரர்களே, உங்களுக்கு இந்த நடுக்கம் புரியும். நாமெல்லாம் ஒரே வார்டு நோயாளிகள்.

பளபளப்பு

கோபி ராயபுரத்துப் பையன். துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஆபீஸ் ஒன்றில் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பழைய கார் வாங்கியிருந்தான். "அண்ணாச்சி, உள்ள எல்லாம் கண்ணாடி மாறி மின்னணும்" என்றான். இருந்ததிலேயே அதிகமாக மின்னும் பாலிஷை எடுத்தேன். பின்பக்கம் கடுகு சைஸ் எழுத்தில் என்னவோ எழுதியிருந்தது. நான் படிக்கவில்லை. அன்று வெள்ளிக்கிழமை, காதர் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். நானே துணியை எடுத்து டேஷ்போர்டு, கதவு என்று தேய்த்தேன். மின்னியதைப் பார்த்து எனக்கே ஆசை வந்துவிட்டது. ஸ்டீயரிங், கியர் என்று போய், கடைசியில் காலடியில் இருந்த பிரேக் ரப்பரையும் விடவில்லை.

கோபி வண்டியை எடுத்துக்கொண்டு போன அரை மணி நேரத்தில் போன் வந்தது. எடுத்தால் மூச்சு மட்டும்தான் கேட்டது. அப்புறம் இடத்தைச் சொன்னான். பைக்கில் பறந்தேன். எண்ணூர் போகிற ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி, அதன் பின்னால் ஒரு சாண் தள்ளி கோபியின் கார். முன்னால் போன லாரி நின்றதும் பிரேக்கில் கால் வைத்திருக்கிறான். கால் வழுக்கிப் பக்கத்தில் போய்விட்டது. வண்டியை ஓரமாக ஒடித்துத் திருப்பலாம் என்று பார்த்தால் ஸ்டீயரிங் கையில் நிற்கவில்லை. எப்படியோ இன்னொரு மிதி மிதித்து நிறுத்தியிருக்கிறான். லாரியின் பின்பக்க இரும்புச் சட்டம் சரியாக அவன் முகத்துக்கு நேராக இருந்தது. சுற்றிலும் லாரிகள் ஹாரன் அடிக்க, நடுரோட்டில் மண்டி போட்டு, சோப்புத் தண்ணியால் பிரேக்கைக் கழுவினேன். ஓரமாக உட்கார்ந்திருந்த கோபி, உள்ளங்கைகளை விரித்து வைத்துக்கொண்டு சொன்னான்: "இன்னா அண்ணாச்சி, வண்டியத் தொடைக்கச் சொன்னா என்னியே தொடைச்சி வுடப் பாத்தியே!"

சீட்டுக்கடியில்

முகத்துவாரக்குப்பத்து அஞ்சலையக்கா நண்டு வாங்கி ஓட்டல்களுக்குக் கொடுப்பவர். தன் பழைய வேனைத் தானே ஓட்டி வருவார். மழை விட்ட வாரம். சீட்டுக்கடியில் சேறு காய்ந்து கிடந்தது. நுரை போடுகிற ஷாம்பு போதும் என்று முடிவு செய்து, பிரஷ்ஷோடு கையை உள்ளே விட்டேன்.

பிரஷ்ஷை யாரோ பிடித்து இழுத்தார்கள்.

மழைக்காலத்தில் வண்டிக்குள் பாம்பு ஏறிக்கொண்ட கதைகளை எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். அத்தனையும் ஒரே நொடியில் ஞாபகம் வந்தது. நான் போட்ட சத்தத்தில் காதர் பாய் ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டார். அஞ்சலையக்கா சாவகாசமாக வந்து, சேலையைச் செருகிக்கொண்டு, கையை உள்ளே விட்டு, என் பிரஷ்ஷைக் கவ்விய நிலையிலேயே ஒரு பெரிய நண்டை வெளியே இழுத்தார். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நண்டிடம்தான் பேசினார்: "மூணு நாளா ஒன்னியத் தேடிகினு கீறேன், நீ இங்க சொகுசா சீட்டுக்கடில குந்திகினு கீறியா?"

பின்சீட்டுக் கறை

ஒரு மத்தியானம், கண்ணாடியெல்லாம் ஏற்றிய கால் டாக்ஸி ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் ஆறடி. சட்டைக் கை மடிப்பில் கறுப்பாக என்னவோ காய்ந்திருந்தது. "ரத்தக் கறைக்கு இன்னா போடுவே?" என்றார். கோழியா, ஆடா என்று கேட்க வாய் வரவில்லை. காதர் பாய் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "பச்சைத் தண்ணிதான். சுடுதண்ணி ஊத்துனா கறை அப்டியே ஒக்காந்துக்கும்" என்று தொழில் பேசினார். நான் எட்டிப் பார்த்தேன். பின்சீட்டு முழுக்க ரத்தம். கீழே ஒரு பெண்ணின் செருப்பு, ஒற்றையாக. பக்கத்தில் உடைந்த வளையல்.

இதைக் கழுவினால் நாளைக்கு என் பெயரும் பேப்பரில் வரும். கழுவ மாட்டேன் என்றால் இந்த ஆறடி என்ன செய்யும்? "இந்தக் கறைக்கான பிரஷ் இங்கே இல்லை, உள்ளே பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனேன். போனில் ஒன்றையும் இரண்டு சைபரையும் அழுத்தினேன். பச்சைப் பொத்தானைத் தொடுவதற்குள் முதுகுக்குப் பின்னால் குரல்: "போலீஸுக்கா?"

போன் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவரே குனிந்து எடுத்துக் கொடுத்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். காலையில் தண்டையார்பேட்டையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாவை லாரி இடித்துவிட்டது. கூட்டம் கூடியது, தூக்க ஆளில்லை. இவர் தூக்கிப் பின்சீட்டில் போட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். அங்கே போலீசிடம் பெயரும் வண்டி நம்பரும் கொடுத்துவிட்டு, வண்டியைக் கழுவலாமா என்று கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார். அந்த அம்மாவுக்குக் கால் எலும்பு போயிருக்கிறது, உயிருக்குப் பயமில்லை. செருப்பைக் கழுவி வைக்கச் சொன்னார், சாயந்தரம் கொண்டுபோய்க் கொடுக்க. நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன், ஆட்டம் நிற்கவில்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்தம்மா பொழச்சிகிச்சி நைனா, நீதான் இப்ப பூட்ருவ போல கீது."

மீன் வாடைக்கு மருந்து

காசிமேட்டு மீன் வியாபாரி ஒருவரின் காரில் மீன் பெட்டி கவிழ்ந்து, அந்தத் தண்ணி பின்பக்க கார்ப்பெட்டில் ஊறிவிட்டது. வண்டியை விட்டுவிட்டுப் போனார். கார்ப்பெட்டில் வெள்ளையாகப் பொடி தெரிந்தது. ஐஸ் பெட்டிக்குப் போடும் உப்பு என்று நானே முடிவு செய்துகொண்டேன். காதர் பாய், "சோப்புத் தண்ணி போட்டு வெயில்ல காய வெச்சா போதும் அண்ணாச்சி" என்றார். எனக்கு அப்போது கடைக்குப் புதிதாக வந்த ஒரு பாட்டில் மேல் மோகம். எப்பேர்ப்பட்ட வாடையும் ஓடிவிடும் என்று கம்பெனி ஆள் சத்தியம் செய்திருந்தான். மேலே எலுமிச்சம்பழப் படம். உள்ளே இருந்தது ஆசிட். "இதைப் போடுங்க பாய்" என்றேன். ரோட்டுப் புழுதி உள்ளே வரக்கூடாது என்று கண்ணாடியை ஏற்றி, கதவையும் நானே சாத்தினேன்.

பாய் பின்சீட்டுக்கும் முன்சீட்டுக்கும் நடுவில் குந்தியபடி அடித்துத் தேய்க்க ஆரம்பித்தார். நான் கல்லாவுக்குத் திரும்பியிருப்பேன். இருமல் கேட்டது. அப்புறம் கண்ணாடியை உள்ளே இருந்து அடிக்கிற சத்தம். திரும்பிப் பார்த்தால் கண்ணாடியில் அவர் உள்ளங்கை. பின்கதவில் குழந்தைகளுக்காகப் போடும் லாக் விழுந்திருந்தது. உள்ளே இருந்து திறக்க முடியாது. அது எனக்குப் புரிய ஒரு விநாடி ஆனது. அந்த ஒரு விநாடி நான் சும்மா நின்றேன். அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கதவைத் திறந்ததும் அவர் தரையில் விழுந்தார். பின்னாலேயே ஒரு நெடி வந்து என் மூக்கையும் கண்ணையும் எரித்தது. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி முழுக்க அவர் மூச்சு கிழிந்த துணி மாதிரி சத்தம் போட்டது. டாக்டர், "என்ன கெமிக்கல்?" என்று கேட்டார். பாட்டிலை நீட்டினேன். "இது மட்டும் இப்படிச் செய்திருக்காது, கூட என்ன இருந்தது?" என்றார். வியாபாரிக்குப் போன் போட்டேன். வாடை போகட்டும் என்று முந்தின நாள் பிளீச்சிங் பவுடரைக் கொட்டி வைத்திருந்தாராம். இரண்டும் சேர்ந்தால் விஷக்காற்று என்று டாக்டர் சொன்னார். பாயின் மனைவி வந்து என் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். பாயின் சட்டையை மடியில் வைத்து மடித்துக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் தேவலை. முகத்தில் மாஸ்க் மாட்டிப் படுத்திருந்தவரைப் பார்க்க உள்ளே வரலாம் என்று நர்ஸ் சொல்லும்வரை நான் வேண்டாத சாமியில்லை; எங்கள் சாமி, அவருடைய சாமி, இரண்டு பக்கமும் வேண்டினேன்.

நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்து அவரே கடைக்கு வந்தார். குரல் இன்னும் கரகரவென்றுதான் இருந்தது. நேராக அலமாரிக்குப் போய், எலுமிச்சம்பழப் பாட்டில்கள் அத்தனையும் ஒரு அட்டைப்பெட்டியில் எடுத்து வைத்து, கம்பெனிக்கே திருப்பி அனுப்பு என்று என் முன்னால் வைத்தார். "அண்ணாச்சி, நான் பொறந்ததுலேர்ந்து மீன் வாடையிலதான் கீறேன், ஒரு நாளும் அது என் கழுத்தப் புடிச்சதில்ல."

மல்லிகை

அதற்குப் பிறகு ஆசிட் என்று எழுதிய எதையும் தொடுவதில்லை. ஆனால் வாசனை? வாசனை என்ன செய்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

மணலியில் ஸ்கூல் டீச்சராக இருக்கும் ஒரு அம்மா வந்தார். ஆறு வயசு மகள் கூட இருந்தாள். "எங்க ஏரியால சில நாள் ஃபேக்டரி கேஸ் வாடை தாங்க முடியலைங்க. கண்ணாடி ஏத்தியும் உள்ளே வருது. அது தெரியாத மாதிரி நல்ல வாசனையா ஏதாவது குடுங்க." மல்லிகை வாசனை டப்பா ஒன்றை எடுத்து, ஏசி காற்று வருகிற இடத்திலேயே மாட்டிவிட்டேன். வண்டி கிளம்பி ஐம்பதடி போயிருக்காது. நின்றது. கதவைத் திறந்து டீச்சர் என்னைப் பார்த்துக் கத்தினார்.

சின்னப்பெண் குனிந்து உட்கார்ந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். இழுக்கும்போதெல்லாம் தோள் இரண்டும் காது வரை ஏறியது. உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது. "வீசிங் இருக்குங்க அவளுக்கு" என்று அழுதுகொண்டே டீச்சர் பையில் பம்ப்பைத் தேடினார். நான் பிள்ளையைத் தூக்கிவிட்டேன். தூக்கிய பிறகுதான் தெரிந்தது, எங்கே கொண்டுபோவது? ரோட்டில் லாரிப் புகை. கடைக்குள் பாலிஷ் நெடி. ஷெட்டுக்குள் ஷாம்பு நெடி. நல்ல காற்று இருக்கிற ஒரு இடம் என் கண்ணுக்குத் தெரியவில்லை. பிள்ளை கையில் துடிக்கிறாள், நான் நின்ற இடத்திலேயே சுற்றுகிறேன்.

காதர் பாய்தான் பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஓடினார். லாரிகளைக் கைகாட்டி நிறுத்தி, ரோட்டைத் தாண்டி, கரையில் கொட்டியிருக்கும் பாறாங்கற்கள் மேல் ஏறி, கடலைப் பார்க்க உட்கார வைத்தார். நல்லவேளை, காற்று கடலிலிருந்து வீசியது. டீச்சர் பம்ப்பை வாயில் வைத்து அடித்தார். ஒன்று, இன்னும் ஒன்று. அவள் தோள் ஒவ்வொரு முறை ஏறும்போதும் நானும் மூச்சை இழுத்தேன், இறங்கும்போதுதான் விட்டேன். கொஞ்ச நேரத்தில் தோள் மெல்ல மெல்ல அடங்கியது. அவள், "அம்மா, தண்ணி" என்றாள். காதர் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, மறுநாள் டீச்சர் திரும்பி வந்தார். சண்டைக்குத்தான் என்று நினைத்துக் கல்லாவில் எழுந்து நின்றேன். டப்பாவை மேஜை மேல் வைத்தார். களைத்துப்போன குரலில் கேட்டார்: "அண்ணா, எந்த வாசனையுமே அடிக்காத மாதிரி ஏதாவது வச்சிருக்கீங்களா?"

இப்போது அலமாரி பாதி காலி. சோப்புத் தண்ணி, பருத்தித் துணி, மெல்லிய பிரஷ், உறிஞ்சும் மிஷின், நாலு கதவையும் திறந்து வைத்து ஒரு நாள் வெயில்: பெரும்பாலான வண்டிக்கு இவ்வளவுதான் சொல்கிறேன். ஷாம்பு என்றாலும் ஒரு மூலையில் துளி விட்டுப் பார்த்த பிறகுதான் மற்ற இடம். முன்னால் என்னென்ன போட்டீர்கள், வண்டியில் யார் யார் ஏறுவார்கள் என்று கேட்காமல் எதையும் எடுப்பதில்லை. இவன் என்ன டாக்டரா என்று சிலர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தார்களா என்றும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

இத்தனை வண்டியைப் பார்த்ததில் நான் கண்டது, காருக்குள் சீக்கிரம் கெட்டுப்போகிற பொருள் அதில் ஏறி உட்காரும் மனுஷன்தான், அவன் மேல் போட மட்டும் எந்தக் கம்பெனியும் இன்னும் ஒரு பாட்டில் அனுப்பவில்லை.