நடக்க முடியாத மல்லியோடு பிச்சாட்டூரிலிருந்து திருப்பதிக்கு

வியாழக்கிழமை காலை 5.52க்கு போன் வந்தது. பிச்சாட்டூரிலிருந்து மச்சான் குமார். "மாமா, மல்லி படுத்துக்கினே கீது. எழுப்பினா முன்னங்கால ஊன மாட்டேங்குது."

மல்லி என் மனைவி தேவியின் மட்டக்குதிரை. சென்னைக் கடற்கரையில் பிள்ளைகளைச் சுமந்து ஓய்ந்ததை வாங்கி, அம்மா வீட்டில் கட்டினாள். சனிக்கிழமைதோறும் போய் ஏரிக்கரையில் நான்கு கிலோமீட்டர் நடத்துவாள். தேவி இறந்து பத்து மாதம். அதற்குப் பிறகு மல்லியை யாரும் நடத்தவில்லை. நானும்தான்.

6.40க்குச் செங்குன்றத்தில் பஸ் ஏறி, ஊத்துக்கோட்டையில் மாறி, 9.15க்கு பிச்சாட்டூரில் இறங்கினேன். இரண்டு டிக்கெட்டும் சேர்த்து 88 ரூபாய்.

அதற்குள் மல்லியை எழுப்பி நிறுத்தியிருந்தார்கள். முன்னங்கால்களை முன்னால் நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னங்கால்களில் போட்டு நின்றது. தொழிற்சாலையில் மோட்டார் பேரிங்கின் சூடு பார்க்கும் தெர்மாமீட்டரைப் பையில் போட்டு வந்திருந்தேன். பின்னங்குளம்பு 27 டிகிரி. முன்னங்குளம்பு இரண்டும் 35. பேரிங்காக இருந்தால் அந்த வித்தியாசத்துக்கே மெஷினை நிறுத்தியிருப்பேன். கழுத்தின் மேல் கொழுப்பு மேடு கட்டியதை மாதாமாதம் பார்த்தவன்தான் நான். "நல்லா தேறிட்டா" என்று தெருவே சொன்னது. நானும் சொன்னேன்.

குட்டி யானை மினி லாரிக்கு வாடகை 2,400 ரூபாய். வண்டித் தரையில் குளம்புக்கு மெத்தையாக அரையடி ஆற்று மணல் கொட்டினோம். புத்தூர் வழியாகச் சுமார் 55 கிலோமீட்டர். முப்பதுக்கு மேல் போக வேண்டாம் என்று டிரைவரிடம் சொல்லியிருந்தேன். திருப்பதி கால்நடை மருத்துவமனையில் நுழையும்போது மணி 12.40.

டாக்டரம்மா குளம்பைத் தொட்டதும் கேட்டார்: "என்ன தீனி போடறீங்க?"

"வைக்கோலு, தவிடு மேடம்," என்றான் குமார். "அப்புறம் அக்கா பங்கு."

"அதென்ன அக்கா பங்கு?"

குமார் என்னைப் பார்த்தான். நான்தான் சொன்னேன். முதல் மாதப் படையலுக்குக் காக்கா வரவில்லை. ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அத்தை அழுவதைப் பார்க்க முடியாமல் இலையை எடுத்துப்போய் மல்லி முன்னால் வைத்தேன். சர்க்கரைப் பொங்கலை இலை தெரிய நக்கியது. "எம்பொண்ணு வந்து துன்னுட்டா" என்றார் அத்தை. அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஓர் இலை. துக்கம் கேட்க வருகிறவர்களும் அதிரசம், வெல்லம் என்று தேவிக்குப் பிடித்ததையெல்லாம் கொண்டுவந்து மல்லிக்கே ஊட்டினார்கள்.

டாக்டர் திட்டவில்லை. "உடம்புல சேர்ற கொழுப்பு சும்மா இருக்காது சார். உடம்பு முழுக்க உள்ளுக்குள்ள அழற்சியக் கிளப்பிவிடும். இன்சுலின் ஏறும். அது குளம்புல வந்து உக்காரும்."

வாசலில் நின்ற டிரைவர் எட்டிப் பார்த்தார். "குதிரைக்கு சுகராண்ணா? எங்க நைனாவுக்கும் அதான். லட்டுவ உடறாரா பாரு. குதிரையாச்சும் சொன்னா கேக்கும்."

எக்ஸ்ரேயில் முன்னங்குளம்புகளுக்குள் இருக்கும் எலும்பு லேசாகச் சாய்ந்திருந்தது. "பொழச்சிக்கும்," என்றார் டாக்டர். "இன்னொரு தடவ இப்படி வந்தா எலும்பு அடிப்பக்கமா வெளிய வந்துடும். அப்ப ஊசி போட்டு அனுப்பறது ஒண்ணுதான் வழி."

"ஒரு துண்டு வெல்லம் கூட குடுக்கக் கூடாதா?" என்றான் குமார்.

"ஒரு துண்டு கூட."

குமார் வெளியே வந்து சொன்னான்: "அம்மாகிட்ட நீயே சொல்லிடு மாமா. என்னால ஆவாது."

குதிரையோ மட்டக்குதிரையோ வைத்திருப்பவர்களுக்கு: கழுத்து மேடு தட்டினால் அது தேறியது அல்ல. வாரம் ஒரு முறை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். காய்ந்த புல்லைச் சர்க்கரை இறங்கத் தண்ணீரில் ஊறவைத்து, நீரை வடித்துப் போடச் சொன்னார் டாக்டர். குளம்பு சுட்டால் நடத்தாதீர்கள். ஐஸ் தண்ணீரில் நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். வண்டியில் ஏற்ற நேர்ந்தால் மணல் முக்கியம். மதியம் ஒரு மணிக்குள் போய்விடுங்கள், அன்றே எக்ஸ்ரே கிடைக்கும்.

இதை எழுதும்போது மணி நாலரை. மல்லி ஐஸ் தொட்டியில் நிற்கிறது. நாளை வெள்ளிக்கிழமை. பொங்கலைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் வருவதாக அத்தை போன் செய்தார். "வேணாம் அத்தை, இனிமே அதுக்கு இனிப்பு எதுவும் கொடுக்கக் கூடாது" என்றேன். அந்தப் பொங்கல்தான் காலைக் கெடுத்தது, அதைத் தொடங்கிவைத்தவன் நான்தான் என்றும் சொன்னேன்.

"அப்ப எம்பொண்ணு பங்க யாருக்குப்பா வைக்கறது?" என்று கேட்டார்.

லைனைத் துண்டித்தேன். பிறகு இரண்டு முறை அழைத்தார். போனை ஸ்விட்ச் ஆஃப் செய்துவிட்டேன்.