அண்ணைக்கு மட்டும் தெரியாத வருத்தம்

அண்ணையின் அந்தியேட்டிக்கு, முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினருக்கும் நண்பர்களுக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தேவாரங்களுக்குப் பின்னால் என்ன எழுத வேண்டும் என்று அண்ணையே என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

"என்னை நல்லவன் வல்லவன் எண்டு பக்கம் பக்கமாய் எழுதாதை பிள்ளை. எனக்கு வந்த வருத்தத்தின்ரை, அந்த நோயின்ரை கதையை எழுது. ஆருக்கெண்டாலும் பிரயோசனப்படும்."

அவர் சொல்லை நான் தட்டியதில்லை. ஆனாலும் நல்லதாக நாலு வரி எழுதாமல் விட என்னால் முடியாது.

நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தவர் அண்ணை. கடைசியாகப் பிறந்தவள் நான். ஐயா நேரத்தோடு கண்ணை மூடிவிட, அண்ணை படிப்பை விட்டுவிட்டு வாழைக்குலை ஏற்றும் லொறியில் கிளீனராக ஏறினார். பிறகு சாரதியானார். பிறகு சொந்தமாக ஒரு பழைய லொறி வாங்கிக் கொழும்புக்கு ஓடினார். சண்டைக் காலத்தில் பாதை பூட்டியபோது சைக்கிளில் குலைகளைக் கட்டிக்கொண்டு எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு மிதித்தார். அதே திருநெல்வேலியில் என்னைப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பினார். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆனால் வாய்விட்டுக் கேட்டவருக்கு இல்லையென்று சொன்னதை நான் காணவில்லை.

லொறி ஓட்டத்தை விட்ட பிறகு, ஒரு மாரி காலத்தில் அவருக்கு இருமல் பிடித்தது. மாரி போயும் இருமல் போகவில்லை. சாரம் இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்தார். ஒருநாள் துப்பியதில் இரத்தம் கண்டு அண்ணையின் மனைவி, என் மச்சாள், கத்திவிட்டா. மூத்த மகன், நாங்கள் பெரியவன் என்று கூப்பிடுபவன், தகப்பனை யாழ்ப்பாண நகரத்தில் ஒரு தனியார் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனான்.

எங்கள் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெரிய வருத்தமென்றால் நோயாளியை வெளியே வாங்கில் இருத்திவிட்டு, உரித்துக்காரர்தான் உள்ளே போய்க் கதைப்பார்கள். அன்றும் அப்படித்தான் நடந்தது. "நுரையீரலிலை கட்டி. அநேகமாய்ப் புற்றுநோய். முத்தின மாதிரிக் கிடக்கு. சதை எடுத்துப் பாத்தால் நிச்சயமாய்ச் சொல்லலாம்" என்று எக்ஸ்ரே படத்தைப் பார்த்த வைத்தியர் சொல்லியிருக்கிறார். "வேண்டாம் டொக்டர், அப்பாவுக்குத் தெரிஞ்சிடும்" என்று பெரியவன் சொல்லியிருக்கிறான். வைத்தியரும் வற்புறுத்தவில்லை. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் 'அநேகமாய்' என்ற சொல் எங்கேயோ விழுந்துவிட்டது. புற்றுநோய் மட்டும் வந்து சேர்ந்தது. அண்ணைக்கு, நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று சொல்லிவைத்தார்கள்.

இன்னொரு வைத்தியரிடம் காட்டுவோம் என்று நான் கேட்டேன்.

"வேறை இடத்துக்குக் கொண்டு போனால் ஏன் எண்டு அப்பா கேப்பார் மாமி. என்னத்தைச் சொல்லுறது? அதோடை, இவர் பேர்போன டொக்டர். கேள்விப்பட்டால் என்ன நினைப்பார்?" என்றான் பெரியவன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு றாத்தல் கத்தரிக்காய் வாங்கச் சந்தை முழுவதும் விலை கேட்டுத் திரிகிற குடும்பம் எங்களுடையது. ஆனால் அவனும் அழுதுகொண்டுதான் சொன்னான். தகப்பனில் உயிரை வைத்திருந்த பிள்ளை. அவனோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முந்திரிப்பழமும் பால்மா ரின்னும் மேசையில் குவிந்தன. கனடாவில் இருந்து இளைய மகன் சின்னவன், "சும்மா லீவிலை வந்தனான்" என்று சொல்லி வந்து இறங்கினான். பங்குக் கிணற்றுப் பிரச்சினையால் வருடக்கணக்காக முகம் பாராமல் இருந்த பெரியப்பாவின் மகன் வந்து, அண்ணையின் கையைப் பிடித்து விம்மிவிட்டுப் போனார். சீனி வருத்தக்காரரான அண்ணைக்கு இனிப்பைக் கண்ணிலும் காட்டாத மச்சாள், தொதல் கிண்டித் துண்டு துண்டாய் வெட்டிக் கொடுத்தா.

அண்ணை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு பின்னேரம் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பிள்ளை, கிணத்துச் சண்டைக்காரன் வந்து அழுதிட்டுப் போறான். உன்ரை மச்சாள் கேக்காமலே தொதல் தாறா. எனக்கு என்ன வருத்தம்? நீயாவது உண்மையைச் சொல்லு."

நான் சொன்னேன்.

அண்ணை கேட்டார்: "சதை எடுத்துப் பாத்தவையோ?"

"இல்லை அண்ணை."

"ஏன்?"

"உங்களுக்குத் தெரிஞ்சிடும் எண்டு."

சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "லொறி எஞ்சினைத் திறக்க முந்தி ரெண்டு மெக்கானிக்கிட்டைக் காட்டுற ஆள் நான். என்ரை நெஞ்சை ஒருத்தர் படத்திலை பாத்ததோடை விட்டிட்டியளோ?"

அன்று வீட்டில் பெரிய சத்தம். "உங்கடை மனம் உடையக் கூடாது எண்டுதானப்பா" என்றான் பெரியவன். "என்ரை மனத்தை நான் பாக்கிறன். நீ ஓட்டோவைப் பிடி" என்றார் அண்ணை.

அரசாங்க மார்பு நோய்ப் பிரிவில் ஒரு பெண் வைத்தியரிடம் போனோம். பெரியவன் வழக்கம்போல முந்திக்கொண்டு வாய் திறந்தான். அந்த வைத்தியப் பிள்ளை அவனைக் கையால் மறித்துவிட்டு அண்ணையின் பக்கம் திரும்பினா. "ஐயா, நீங்கள் சொல்லுங்கோ" என்றா. எத்தனையோ கேள்விகள் கேட்டா. அதில் ஒன்று, "உங்களோடை நெருங்கிப் பழகின ஆருக்காவது நெடுக இருமல் இருந்ததோ?" என்பது.

அண்ணை தயங்கினார். பிறகு, எங்களில் ஒருவருக்கும் தெரியாத ஒன்றைச் சொன்னார். அவரோடு கொழும்புக்கு மாறி மாறி லொறி ஓடிய கூட்டாளிக்குக் காசநோய் இருந்திருக்கிறது. ஒரே கபினுக்குள்தான் இரண்டு பேரும் படுத்து எழும்பியிருக்கிறார்கள். மகளின் கலியாணம் குழம்பிவிடும் என்று பயந்து, ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்று அந்த மனிதர் அண்ணையிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

"முந்திப் பாத்த டொக்டருக்கு இதைச் சொல்லேல்லையோ ஐயா?"

"என்னட்டை ஆர் பிள்ளை கேட்டது? நான் வெளியிலை எல்லோ இருந்தனான்."

சளியைச் சோதித்தார்கள். சதையும் எடுத்துப் பார்த்தார்கள். அண்ணைக்கு இருந்தது புற்றுநோய் அல்ல, காசநோய். சுகமாக்கக்கூடிய வருத்தம். "படத்தை மட்டும் பாத்திருந்தால் நானும் அப்பிடித்தான் நினைச்சிருக்கக்கூடும்" என்று அந்த வைத்தியர் சொன்னதையும் நியாயத்துக்காக இங்கே எழுத வேண்டும். பெரியவன் நடையில் குந்தியிருந்து குழந்தைப்பிள்ளை போல அழுதான். மருந்தில்லாமல், சளி என்று சொல்லிச் சொல்லியே தகப்பனைச் சாகக் கொடுத்திருப்போமே என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

மாதக்கணக்கில் ஒருநாளும் தவறாமல் குளிசை எடுத்து அண்ணை தேறினார். வீட்டில் எல்லோரையும் சோதித்தார்கள். கடவுள் புண்ணியத்தில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. வருத்தம் இன்னதென்று தெரிந்த அன்றே தொதலும் நின்றது. "அப்ப, சாகப்போறன் எண்டால்தான் தருவியோ?" என்று மச்சாளோடு அண்ணை கொழுவியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

சுகமானதும் அறிக்கைகளை எடுத்துக்கொண்டு முதல் வைத்தியரிடம் போக வேண்டும் என்று நின்றார். சண்டைக்கோ என்று பயந்தபடி நானும் போனேன். "நீங்கள் அறிஞ்சால் எனக்குப் பின்னாலை வாறவனுக்கு உதவும் டொக்டர்" என்று மட்டும் சொன்னார். வைத்தியர் எல்லாவற்றையும் ஆறுதலாக வாசித்தார். பிறகு எழுந்து நின்று, "நான் உங்களோடை கதைச்சிருக்க வேணும் ஐயா" என்றார். அண்ணையின் செத்தவீட்டுக்கும் அவர் வந்திருந்தார்.

அதற்குப் பிறகு அண்ணையின் தொல்லை ஊருக்குத் தாங்கவில்லை. ஆருக்கு என்ன வருத்தமென்றாலும், "இன்னொருத்தரிட்டையும் காட்டினனியோ?" என்பார். பக்கத்து வீட்டுக்காரருக்கு இருதயத்தில் ஒப்பரேஷன் வேண்டுமென்றபோது, விடாமல் நின்று வேறொரு வைத்தியரிடம் அனுப்பினார். அவரும் ஒப்பரேஷன்தான் என்றார். "நல்லதாப் போச்சு. இனிப் பயமில்லாமல் செய்" என்று சொல்லி, அவரோடு ஆஸ்பத்திரியில் போய் நின்றவரும் அண்ணைதான்.

கடந்த வருடம் அவருக்கு வயிற்றில் உண்மையாகவே புற்றுநோய் வந்தது. இந்த முறை வைத்தியர் அவருக்கு நேரே சொன்னார். அண்ணை தானே இரண்டாவது வைத்தியரிடமும் போனார். அவரும் அதையே சொன்னார். ஒப்பரேஷன் செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன என்று இருவரிடமும் கேட்டு விளங்கிக்கொண்டு, வீட்டிலேயே இருக்கிறேன் என்று முடிவெடுத்தார். நோவுக்கு மருந்து வந்தது. மச்சாளும் அவரும் கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்காகக் கதைத்தார்கள். பிள்ளைகள் ஒளிந்து நின்று அழவில்லை, அவருடைய மடியில் முகத்தை வைத்து அழுதார்கள். அவர் தலையைத் தடவிவிட்டார்.

அண்ணைக்கு வாயைத் திறந்து உண்மை சொன்ன வைத்தியர்களுக்கும், நோவு தெரியாமல் பார்த்த தாதிமாருக்கும், கேட்ட நேரமெல்லாம் ஓட்டோவோடு வந்த அயலவருக்கும், தூரதேசத்தில் இருந்து வந்தவர்களுக்கும், செத்தவீட்டில் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டில் ஒருவருக்குப் பெரிய வருத்தமென்று சொன்னால், அவரை வெளியே இருத்திவிட்டு உள்ளே போகாதீர்கள். இன்னொருவரிடமும் காட்டுங்கள். அண்ணைக்கு நீங்கள் செய்யும் கைம்மாறு அதுதான்.

அந்த முதல் வருத்தத்தின்போது அண்ணையை வழியனுப்ப நாங்கள் எல்லோரும் ஆயத்தமாக இருந்தோம். அவருக்கு மட்டும் தெரியாது. இந்த முறை அவர் ஆயத்தமாக இருந்தார். எங்களால்தான் முடியவில்லை.