விசாரணையில் மாட்டிய கூரை

மகளின் தலைப்பிரசவத்திற்காகச் சிம்பாங் ரெங்கத்தில் எங்கள் வீட்டுப் பின்னறையைச் சீராக்க நினைத்தோம். மார்கழி பிறந்துவிட்டால் வேலை தொடங்கக் கூடாதே! அதனால் கார்த்திகையின் கடைசி நல்ல நாளில், புதுத் தகரம் கைக்கு வருமுன்பே, பழைய கூரையைப் பிரித்துப் போட்டோம். மலேசியாவின் ஜோகூரில் அது அடைமழைக் காலம் என்பது பஞ்சாங்கத்துக்குத் தெரியாது.

மறுநாள் வழக்கமாக வாங்கும் ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் கையை விரித்தார்.

"தகரம் இல்லக்கா. வெளிநாட்டுத் தகரத்து மேல என்டி டம்பிங் விசாரணை வச்சிருக்காங்க. பேப்பர் பாக்கலையா?"

பார்த்திருந்தேன். வெளிநாட்டு ஆலைகள் அடிமாட்டு விலைக்கு இங்கே கொண்டுவந்து கொட்டுவதாக உள்ளூர் ஆலைகள் புகார் கொடுத்திருந்தன. புகாரில் நியாயம் இருக்கலாம். ஆனால் விசாரணைதான் தொடங்கியிருந்தது, அந்தத் தகரத்துக்குக் கூடுதல் வரி எதுவும் இன்னும் போடவில்லை. அவர் முதுகுக்குப் பின்னாலேயே தகரம் அடுக்கடுக்காகக் கன்வாஸ் போர்த்திக் கிடந்தது.

"அப்ப அது என்ன தம்பி?"

"அது புக்கிங்லா அக்கா. கேஸ் என்னாகுதுன்னு பாத்துட்டுத்தான் விலை சொல்ல முடியும்."

வேறொருவருக்கு விற்ற சரக்குக்கு எதற்கய்யா விலை பார்க்க வேண்டும்?

"என் மக வயித்துப் புள்ளையோட வரணும். கூரையில்லாத ரூம்ல எங்க படுக்க வைக்கிறது?" என்று கடையே அதிரக் கத்தினேன்.

"கன்வாஸ் கட்டிக்குங்கக்கா" என்றார்.

கட்டினோம். மழை அதைக் கிழித்தது. சுவர் ஊறி, மெத்தை பூஞ்சை பிடித்தது. மற்ற கடைகளிலும் இதே பாட்டுதான். மருமகன் வந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். மகளைக் கெலாங் பாத்தாவில் அவர்களுடைய வாடகை வீட்டிலேயே வைத்துக்கொண்டார். தொழிற்சாலை வேலையை விட்டு நான் அங்கே போய்த் தங்க முடியவில்லை. பிள்ளை பிறந்த பிறகு, வார விடுமுறையில் மட்டும் பத்தியக் குழம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மற்ற நாளெல்லாம் பச்சை உடம்போடு அவளே அடுப்படியில் நின்றாள்.

மலிவாக விற்றவனை விசாரிக்க அதிகாரிகள் இருந்தார்கள். இருந்த சரக்கை மூடி வைத்தவரைக் கேட்க நாதியில்லை.

சில மாதங்கள் கழித்து, அந்தத் தகரத்துக்குக் கூடுதல் வரி தேவையில்லை என்று விசாரணையை முடித்துக்கொண்டார்கள். அன்று மாலையே கடைக்காரர் போன் செய்தார்.

"அக்கா, தகரம் ரெடி. லோரில ஏத்தி விடவா?"

"என் மக பத்தியம் முடிஞ்சு வேலைக்கே போய்ட்டா தம்பி" என்று சொல்லிப் போனை வைத்தேன்.