கிழிய மறுத்த பெட்ஷீட்டுகள்

ஓட்டல் ரூம் சுத்தம் செய்கிற தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான்: நேற்று இங்கே யாரோ படுத்திருந்தார் என்பது இன்று வருகிறவருக்குத் தெரியவே கூடாது. டிராலி தள்ளித் தள்ளி முட்டி தேய்ந்த என் இனத்தார் யாராவது இதைப் படித்தால் இந்நேரம் தலையை ஆட்டியிருப்பார்கள். தலைகாணியில் ஒரு முடி, கண்ணாடியில் ஒரு விரல் தடம், பாத்ரூமில் ஒரு ஈர டவல், எதுவும் மிஞ்சக்கூடாது. ஏழாங்கிளாஸோடு நின்றவளுக்கு அது போதுமான படிப்பாக இருந்தது. பிறகு அந்தச் சட்டத்தையும் மாற்றினார்கள். அன்றைக்குப் பிடித்த குழப்பம் இன்னும் என்னை விடவில்லை.

எங்கள் ரிசார்ட் ஓசூர் ரோட்டில், அத்திபெலே வருவதற்கு முன்னால் உள்ளே திரும்பிப் போனால் இருக்கிறது. தென்னை மரங்கள், ஓடு போட்ட காட்டேஜ்கள், நடுவில் நீச்சல் குளம். பொம்மனஹள்ளியிலிருந்து ஸ்டாஃப் வேனில் போய் வருகிறேன். வேனில் என் பக்கத்து சீட் பாக்கியாவுடையது. லாண்டரியில் வேலை பார்க்கிறாள். அதற்கு முன்னால் கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் சட்டைக் காலர் தைத்தவள். புருஷன் இல்லை, படிக்கிற பிள்ளைகள் இரண்டு, இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. வேனில் ஏறினதிலிருந்து இறங்குகிறவரை அவள் வாய் ஓயாது. அந்தப் பேச்சு இல்லாமல் ஓசூர் ரோட்டு டிராபிக்கை எப்படித் தாண்டுவது என்று எனக்குத் தெரியாது. அந்த சீட் காலியாகிவிடப் பார்த்த கதைதான் இது.

மாட்டுவதா, போடுவதா

ரிசார்ட்டில் தண்ணீரையும் கரண்டையும் மிச்சம் பிடித்து, சுற்றுவட்டார ஜனங்களுக்கும் நல்லது செய்வதற்கென்று ஒரு மேடம் வந்தார். பாலக்காட்டுப் பெண், தமிழ் நன்றாகப் பேசுவார். அந்த உத்தியோகத்துக்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர் இருந்தது. எங்கள் வாய்க்கு அது அடங்கவில்லை, ‘பச்சை மேடம்’ என்று வைத்துவிட்டோம். அவர் முதல் வேலையாக எல்லா பாத்ரூமிலும் ஒரு சின்ன அட்டையைத் தொங்கவிட்டார். கெஸ்ட் டவலை மாட்டி வைத்தால் மறுபடி உபயோகிப்பார், நாம் எடுக்கக்கூடாது. தரையில் போட்டால் துவைக்க எடுத்துப் போகவேண்டும். பெட்ஷீட்டும் அப்படியே, தினம் மாற்ற வேண்டியதில்லை.

டிரெய்னிங்கில் மேடம் பொறுமையாகத்தான் சொன்னார். என் தலையில் ‘மாட்டு, மாட்டு’ என்பது மட்டும்தான் நின்றது. அதுவும் தரையில் துணி கிடந்தால் என் கை சும்மா இருக்காது. குனியும், எடுக்கும், உதறும், கம்பியில் நீவி மாட்டும். அப்படி ஒரு காட்டேஜில் தரையில் கிடந்த டவலை அழகாக மாட்டிவிட்டு வந்தேன். மறுநாளும் தரையில் கிடந்தது. அங்கே தங்கியிருந்தவர் வயசானவர், கம்பியில் நிற்காமல் நழுவியிருக்கும் என்று பாவப்பட்டு இன்னும் இறுக்கமாக மாட்டினேன். அதற்கடுத்த நாள் கோயம்புத்தூர்க்காரரான அந்தப் பெரியவர் கதவருகே நாற்காலி போட்டு எனக்காகவே காத்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்கம்மா, நான் கீழ போடறேன், நீங்க மேல மாட்டறீங்க, மறுபடி கீழ போடறேன், மறுபடி மாட்டறீங்க. ஊருக்குப் போறதுக்குள்ள இதுல யார் ஜெயிக்கறதுன்னு சொல்லிப்போட்டீங்கன்னா நான் தலை தொவட்டிக்குவேனுங்க.”

சத்தம் நின்ற லாண்டரி

நான் கற்றுக்கொள்வதற்குள் கெஸ்டுகள் கற்றுக்கொண்டார்கள். இந்தக் காலத்து ஜனங்களுக்கு அந்த அட்டை ரொம்பப் பிடித்துவிட்டது. சின்னப் பிள்ளைகள்கூட டவலை மாட்டிவிட்டு, “ஆன்ட்டி, நாங்க தண்ணியை சேவ் பண்ணிட்டோம்” என்று பெருமையாக வந்து சொல்லும். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. எங்கள் தெருவில் குடத்தோடு வரிசையில் நின்றவள் நான், தண்ணீர் மிச்சம் என்றால் கசக்குமா?

டிராலியில் வழக்கமாக மலை மாதிரி துணி ஏற்றிக்கொண்டு லாண்டரிக்குப் போவேன். அது குன்றாகி, குன்று குப்பலாகி, ஒருநாள் கையிலேயே எடுத்துப் போகிற அளவுக்கு வந்துவிட்டது. லாண்டரியில் மூன்று மெஷின்களும் சேர்ந்து ஓடினால் ரயில் வண்டி போகிற மாதிரி இருக்கும். அன்றைக்கு ஒன்றே ஒன்று முனகிக்கொண்டிருந்தது. பாக்கியா மடித்து வைத்த டவலைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். ஹவுஸ்கீப்பிங் மேனேஜர் நாகராஜ் சார் காலையில் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: இந்தத் துணிக்கு இத்தனை ஆள் வேண்டாம், கடைசியாகச் சேர்ந்தது நீதானே, அடுத்த மாசத்திலிருந்து வேறு இடம் பார்த்துக்கொள்.

நல்லது செய்தால் எல்லாருக்கும் நல்லது நடக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவள் டவலின் ஓரத்தைச் சரிபார்த்துக்கொண்டே சொன்னாள்:

“தண்ணி மிச்சமாச்சு மேரிக்கா. நானும் மிச்சமாயிட்டேன்.”

ஊர் மக்களோடு ஒரு மாலை

பச்சை மேடத்திடம் போய் நின்றேன். “மேடம், நீங்க ஊருக்கெல்லாம் நல்லது பண்றீங்க. நம்ம லாண்டரியும் இந்த ஊர்லதான் இருக்கு” என்றேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. இப்படி ஆகும் என்று அவர் நினைக்கவே இல்லை. நல்ல மனசுக்காரர். நாகராஜ் சாரிடம் பேசிக் கொஞ்சம் தவணை வாங்கினார். அதற்குள் பாக்கியாவுக்கு வேறு வேலை காட்டவேண்டும்.

சனிக்கிழமைகளில் ‘ஊர் மக்களோடு ஒரு மாலை’ என்று ஒரு நிகழ்ச்சி நடக்கும். பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் வந்து கோலம் போடுவார்கள், ராகி அரைத்துக் களி கிண்டிக் காட்டுவார்கள், கெஸ்டுகள் சுற்றி உட்கார்ந்து கற்றுக்கொள்வார்கள். அந்த வாரம் ராகி அரைக்கிற அம்மா வீட்டில் மகளுக்கு வளைகாப்பு. பாக்கியாவுக்குக் கட்டம்போட்ட சேலை கட்டிவிட்டு, தலையில் பூ வைத்து, திருகைக் கல் முன்னால் உட்கார வைத்தார்கள். தையல் மெஷினைத் தவிர வேறு எதையும் சுற்றிப் பழக்கமில்லாதவள். சுற்றின வேகத்தில் திருகையின் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. சாக்ஸ் போட்ட ஒரு கெஸ்ட் அம்மா போனில் படம் பிடித்தபடி, “உங்க கிராமத்துல தினமும் இப்படித்தான் அரைப்பீங்களா?” என்று தமிழிலேயே கேட்டார்.

பாக்கியாவுக்குப் பொய் சொல்ல வராது. “எங்க ஊர் சிட்டிக்குள்ள நீலசந்திராங்க. முக்குல மாவு மில் இருக்கு. கரண்ட் போச்சுன்னா அன்னிக்கு ராகி கிடையாது, பிரெட்டுதான்” என்றாள். அந்த அம்மா போனைக் கீழே இறக்கினார்.

“நான் பக்கத்து ஏரியா, ஈஜிபுரா. நானும் அந்த மில்லுலதான் அரைக்கறேன். அப்போ நாம ரெண்டு பேரும் வீட்டை விட்டுட்டு இங்க வந்து என்னதான் பண்ணிட்டிருக்கோம்?”

ஒரு காலத்துப் பெட்ஷீட்

வழி தானாகவே ஒன்று திறந்தது. நைந்துபோன பெட்ஷீட்டைத் துடைக்கிற துணிக்காகக் கிழிப்பது எங்கள் வழக்கம். தவணை நாட்களில் சும்மா உட்காரப் பிடிக்காமல் பாக்கியா அதில் ஒன்றை வெட்டி, துணிகள் கிழிந்தால் தைப்பதற்கென்று இருந்த மெஷினில் ஒரு பை தைத்தாள். வீட்டுக்குக் காய்கறி வாங்கத்தான். காலர் தைத்த கை, ஓரமெல்லாம் ஸ்கேல் வைத்தது மாதிரி. அதை மேடம் பார்த்தார். கெஸ்டுகள் அழுக்குத்துணி போடுவதற்கு ரூமில் பிளாஸ்டிக் பை வைப்போம். அதற்குப் பதில் இது என்று முடிவு செய்துவிட்டார்!

ஒரே வாரத்தில், துணி அடுக்கி வைக்கிற லினன் ரூம் மூலையில் பாக்கியாவுக்கு ஒரு மேசை, தலைக்கு மேலே ஒரு லைட். ஒவ்வொரு பையிலும் ஒரு சின்னத் துண்டு தைத்திருக்கும்: ‘ஒரு காலத்தில் நான் பெட்ஷீட்டாக இருந்தேன்.’ நாகராஜ் சார்கூட அம்மாவுக்கென்று ஒன்று வாங்கிப்போனார். கெஸ்டுகள் பையை வீட்டுக்கே எடுத்துப் போகக் கேட்டார்கள், மேடம் தாராளமாகக் கொடுக்கச் சொன்னார். பலதடவை துவைத்த துணி, தொட்டால் வெண்ணெய் மாதிரி இருக்கும். நானும் பாக்கியாவும் வேனில் ஒரு வருஷம் நிம்மதியாகச் சிரித்துக்கொண்டு வந்தோம்.

செக்-அவுட் அன்று ஒரு பெண் பையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, “எவ்ளோ சாஃப்ட்டா இருக்கு பாருங்க” என்று வீட்டுக்காரரிடம் நீட்டினாள். அவர் அந்தத் துண்டில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு இரண்டே விரலால் பிடித்துக்கொண்டார்.

“இதுல யார் யார் படுத்தாங்களோ! வீட்டுக்குப் போனதும் முதல்ல இதைத் துவைச்சுடு.”

பழசுக்கு வந்த பஞ்சம்

இங்கேதான் எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. பையைக் கேட்கிறவர்கள் பெருகினார்கள். பழைய பெட்ஷீட் தீர்ந்துபோனது. சரி, அடுத்த கட்டு வரும் என்று நாங்களும் காத்திருந்தோம். வரவில்லை. ஏன் வரும்? தினம் துவைத்த காலத்தில் பெட்ஷீட் சீக்கிரம் நைந்துவிடும். இப்போது யாரும் மாற்றச் சொல்வதில்லை, மெஷினில் அடிபடுவதில்லை. ஒவ்வொன்றும் புதுமாப்பிள்ளை மாதிரி மொடமொடவென்று உட்கார்ந்திருக்கிறது.

பாக்கியாவின் தையல் மெஷினும் நின்றது. துணி இல்லாத தையல்காரியை எதற்கு வைத்திருப்பது என்ற பேச்சு மறுபடி காற்றில் வந்தது. நான் காட்டேஜ் காட்டேஜாகப் போய் ஒவ்வொரு பெட்ஷீட்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேடினேன். கிழிசலைக் கண்டால் திட்டு வாங்குவேன் என்று பயந்தவள், நாற்பது வயசுக்கு மேல் கிழிசல் கிடைக்காதா என்று மாதாவை வேண்டிக்கொண்டேன். ஒரு நூல்கூடப் பிரியவில்லை. வெறுங்கையோடு போய் நாகராஜ் சாரிடம் நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏனம்மா இது? இத்தனை ரூம்ல ஒரு பெட்ஷீட்கூடக் கிழியலையா? எல்லாரும் ஒழுங்கா வேலை செய்யறீங்களா, இல்லையா?”

சுத்தத் துணிக்குச் சலவை

கடைசியில் சிக்பேட்டைத் துணிக்கடையிலிருந்து புதுத்துணி ஒரு கட்டு வந்து இறங்கியது. பாக்கியா தைத்தாள். பெட்ஷீட்டாக இருந்தேன் என்ற அந்தத் துண்டை வைக்கக்கூடாது, அது பொய் என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பையும் ரூமுக்குப் போனது. ஒருவரும் எடுத்துப் போகவில்லை. கஞ்சி போட்ட துணி, அட்டை மாதிரி நின்றது. “போன தடவை வந்தப்போ இருந்ததே, அந்த மெத்து மெத்துன்னு, அது இல்லையா?” என்று எல்லாரும் அதையே கேட்டார்கள்.

நாகராஜ் சார் யோசித்தார். மெத்து மெத்தென்று ஆக வேண்டும் என்றால் என்ன செய்யவேண்டும்? துவைக்கவேண்டும். ஒருதடவை துவைத்தால் போதாது. ஆக, வெட்டுவதற்கு முன்னால் புதுத்துணியைத் திரும்பத் திரும்பத் துவைத்துப் பழசாக்கச் சொன்னார். அதைச் செய்ய லாண்டரி தெரிந்த ஆள் வேண்டும், பிறகு தைக்கவும் தெரிந்திருக்கவேண்டும். இரண்டும் தெரிந்தவள் எங்கள் ரிசார்ட்டில் ஒருத்திதான். அன்று மத்தியானம் நான் காலி டிராலியோடு லாண்டரிப் பக்கம் போனபோது மூன்று மெஷினும் ரயில் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றில்கூட ஒரு அழுக்குத் துணி கிடையாது.

பச்சை மேடம் வாசலில் நின்று அந்த நுரையையே பார்த்துக்கொண்டிருந்தார். துவைத்த தண்ணீரைச் சுத்தப்படுத்தித் தென்னைக்கு விடுகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, “மேரியம்மா, நாம எங்க ஆரம்பிச்சோம்?” என்றார். டவலில் ஆரம்பித்தோம் என்று தோன்றியது. அதைச் சொல்ல மனசு வராமல் டிராலியைத் துடைத்தேன்.

சாயங்காலம் வேனில் பாக்கியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையெல்லாம் சோப்பு வாசனை. நான் அவளிடம் கேட்டேன், “ஏண்டி, அழுக்கே இல்லாத துணியை எதுக்குடி துவைக்கறோம்? உனக்காவது புரியுதா?” அவள் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டிரைவருக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

“அழுக்குத்துணி இல்லைன்னு என்னை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தாங்க, இப்போ சுத்தத்துணியைத் துவைக்கறதுக்கு வெச்சிருக்காங்க. நான் ஒண்ணும் கேக்கலை மேரிக்கா. உங்க காலைப் பிடிச்சுக்கறேன், நீங்களும் போய் யார்கிட்டயும் கேட்டு வைக்காதீங்க.”

இத்தனைக்கும் பிறகு எங்கள் ரிசார்ட்டில் தண்ணீர் மிச்சமானதா செலவானதா என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது, வேனில் என் பக்கத்து சீட் காலியாகவில்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.