வலை போட்ட கைக்கடிகாரம்

என் பெரிய மாமாவிடம் ஒரு தகரப் பெட்டி நிறையப் புகைப்படங்கள் இருந்தன. மாமா அம்மாவுக்கு அண்ணன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் சண்டைக்குப் போனவர், புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய வருஷம் திரும்பி வந்து எங்களோடு தங்கிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தெருவில் எல்லாருக்கும் அவர் 'சொல்தா'. பட்டாளத்துக்காரரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டியைத் திறப்பார். மேலே இருந்தவை எல்லாம் சைகோன் பக்கத்துக் கிராமங்களின் படங்கள். வெளிநாடு என்றால் பனிமலையாவது இருக்கும் என்று நான் எட்டிப் பார்ப்பேன். படத்தில் பெண்கள் நாற்று நட்டுக்கொண்டிருப்பார்கள். எருமை குட்டையில் கிடக்கும். கூரை வீட்டுக்குப் பின்னால் தென்னை நிற்கும். பாகூருக்கு பஸ்ஸில் போனால் பார்க்கக்கூடியதைப் பார்க்கவா மாமா கப்பலேறிப் போனார் என்று எனக்கு ஏமாற்றமாக இருக்கும்.

"இன்னா மாமா, நம்ம ஊரு மாதிரியே இருக்குது?"

"அதுக்குத்தான் வாங்கினோம்" என்பார். பயிற்சி முகாமின் வாசலில் ஒரு படக்காரன் அவற்றை விற்பானாம். நம் ஊர்ச் சொல்தாக்கள் முண்டியடித்து வாங்குவார்களாம்.

பெட்டியின் அடியில் காக்கித் துணியில் சுற்றிய இன்னொரு கட்டு இருந்தது. அவை முகாமுக்குள் எடுத்த படங்கள். அதை மட்டும் அவிழ்க்க மாட்டார். பீரங்கியும் பிணமும் இருக்கும் என்று நானே முடிவுசெய்து பயந்துகொண்டேன்.

படங்களைவிட எனக்குப் பிரியமானது மாமாவின் கைக்கடிகாரம். குண்டு பட்டு உடையாமலிருக்கக் கண்ணாடிக்கு மேல் சன்னல் கம்பி போல் ஓர் இரும்பு வலை போட்டிருக்கும். கப்பலில் ஒரு வெள்ளைக்காரக் கிழவனிடம் வாங்கியதாம். காலையில் சாவி கொடுத்துவிட்டு என் காதில் வைப்பார். நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு முடிவில் வைக்கும் செர்த்திபிகா பரீட்சை பாஸ் செய்தால் அது எனக்கு என்பது பேச்சு. அதற்காகவே கணக்குப் போட்டேன்.

எனக்கு எட்டு வயது நடந்தபோது, ரெட்டியார்பாளையத்திலிருந்து ஓர் அத்தை மூன்றாவது தடவையாகச் சொல்லியனுப்பினார். அவருடைய புருஷன் மாமாவோடு முகாமில் இருந்து, அங்கேயே காய்ச்சலில் இறந்தவர். அவர் இருந்த சீமையைப் படத்திலாவது பார்க்க வேண்டும் என்பது அத்தையின் ஆசை. மாமா ஏனோ தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அம்மா சத்தம் போட்டதால் கிராமப் படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிப் போனார். அத்தையின் தெருமுனை வந்ததும் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். வியர்வைக்காக என்று நினைத்தேன்.

அத்தை ஒவ்வொரு படத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். "வயக்காடு மாதிரிதான் இருக்குது. அப்ப அவருக்கு ரொம்பக் கஷ்டமா இருந்திருக்காது, இல்லண்ணா?" என்றார். மாமா தலையாட்டினார். பிறகு அத்தை, சுவரில் மாலை போட்டிருந்த புருஷனின் படத்தை இறக்கித் துடைத்து என்னிடம் காட்டினார். நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து, இடது கையை நெஞ்சுக்குக் குறுக்கே வைத்திருந்தார். மணிக்கட்டில் வலை போட்ட கடிகாரம்.

"பொட்டி வந்துச்சு, சொக்கா வந்துச்சு. இந்தக் கெடியாரம் மட்டும் வரவே இல்லம்மா" என்றார் அத்தை.

நான் வெளியிடங்களில் வாய் திறக்காத பெண். அன்று திறந்தேன்.

"இது எங்க மாமா கெடியாரம்! பாக்கெட்டுல இருக்குது!"

வாசற்படியில் நின்றிருந்த பக்கத்து வீட்டு அம்மாள்தான் முதலில் பேசினார்: "பாத்தியாடி. மூணு வருசமா இந்தப் பக்கம் ஏன் தலகாட்டலன்னு இப்பத் தெரியுதா? செத்தவன் கையிலேருந்து உருவிக்கினு வந்திருக்கான் மனுசன்."

மாமா கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் பைக்குள் கைவிட்டுக் கடிகாரத்தை எடுத்து நீட்டினார்.

"அவன்துதாம்மா. அன்னிக்கே குடுத்திருக்கணும். தப்புதான்."

அத்தை திட்டவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். "ஓடுது" என்றார். மகனைக் கூப்பிட்டு, "டேய், ஓடுதுடா. உங்கப்பா கெடியாரம் ஓடுதுடா" என்று அவன் காதிலும் வைத்தார்.

திரும்பி வரும் வழியில் மாமா இரண்டு தடவை வெறும் மணிக்கட்டைத் தூக்கி மணி பார்த்தார். நான் அழுதுகொண்டே வந்தேன். வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டியதும் நான்தான்.

"செத்தவன் பொருளாண்ணா அது? எங்கிட்டயாவது சொல்லு" என்றார் அம்மா.

"சோறு போடு" என்றார் மாமா.

அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் பரிமாறினார். அது பல நாள் அப்படியே நடந்தது.

மறுநாள் மாமா வெளியே போயிருந்தபோது காக்கிக் கட்டை அவிழ்த்தேன். பீரங்கி இல்லை. பிணமும் இல்லை. ஒரே நாற்காலி, ஒரே கூடாரம். நாற்காலியில் மாற்றி மாற்றி நம் ஊர் முகங்கள். எல்லாருடைய இடது கையும் நெஞ்சுக்குக் குறுக்கே. எல்லாக் கையிலும் அந்த வலை போட்ட கடிகாரம். ஒல்லியான ஒருவருக்கு அது முழங்கைப் பக்கம் வழுக்கிப் போயிருந்தது. மாமாவின் படத்தில் மட்டும் கை வெறுமையாக இருந்தது.

அவர் வந்ததும் படங்களோடு ஓடினேன். "மாமா, எல்லாரும் உன் கெடியாரத்தத்தான் கட்டியிருக்காங்க! வா, அந்த அத்தகிட்ட காட்டிட்டு வாங்கியாந்துடலாம்!"

மாமா படங்களை ஒவ்வொன்றாக என் கையிலிருந்து வாங்கினார்.

"அவனுக்கு எழுதத் தெரியாது, கண்ணு. 'சொந்தமா கெடியாரம் வாங்கிட்டேன், இனி நமக்குக் கவலயில்ல'ன்னு அவ பேருக்குக் காயிதம் எழுதுனதே நான்தான்." துணியைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டார். "யார்கிட்டயும் சொல்லாத. உங்கம்மாகிட்டயும்."

கடிகாரத்தைக் கொடுத்ததுகூட எனக்குப் பரவாயில்லை. திருடன் என்ற பெயரையும் ஏன் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தார் என்பதுதான் அந்த வயதில் புரியவே இல்லை. மாமா கொஞ்சம் அசடு என்று தீர்மானித்து, அதற்காக அவரிடம் கூடுதலாகப் பிரியம் வைத்தேன். செர்த்திபிகா பாஸ் செய்தபோது அவர் எனக்குப் பேனா வாங்கிக் கொடுத்தார்.

அவர் கேட்டபடி நான் யாரிடமும் சொல்லவில்லை. இங்கேகூட அந்த அத்தையின் ஊரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

போன வருஷம் வைத்திக்குப்பத்தில் ஒரு வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனேன். சுவரில் மாலை போட்ட படம். ஒல்லியான மனிதர், கை நெஞ்சுக்குக் குறுக்கே, கடிகாரம் முழங்கைப் பக்கம். நான் பார்ப்பதைக் கவனித்த வீட்டுக்காரர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

"எங்கப்பாருங்க. அந்தக் காலத்துலயே கெடியாரம் வாங்கிக் கட்டினவரு. சைகோன்ல வாங்கினது."

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தேன்.

"நல்ல கெடியாரமுங்க" என்றேன்.